கடைமடைக்காரனைக் கேட்டாயா?

லீவுக்கு ஸ்ரீவைகுண்டம் வந்தும் மண்டைக்குள் ப்ராஜெக்ட்தான் ஓடுகிறது. அதனால் இந்த முறை கம்ப்யூட்டர் புராணம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டலாம். உள்ளே ஓடுவதற்கு நிஜ நெட்வொர்க் கார்டு கிடையாது. மென்பொருள்தான் கார்டாக நடிக்கும். அப்படி நடிக்க ரஸ்டி ரஸ்ஸல் என்ற ஆஸ்திரேலியர் வகுத்த முறை விர்ட்டியோ. 2008-ல் வந்த லினக்ஸ் 2.6.24-லேயே இது உண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் முன்னால் 10 பைட் ஹெடர்.

நான் என்ன செய்தேன்? பாக்கெட் வந்த நேரத்தைக் குறிக்க, ஹெடரின் தலையிலேயே 4 பைட்டைச் செருகினேன். என் புது டிரைவரில் ஜோராக ஓடியது. பழைய டிரைவரோ 10 பைட்டை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாக்கெட் என்று நம்பியது. எல்லாம் 4 பைட் தள்ளிப்போய், ஒரு பிங்குக்குக்கூடப் பதில் இல்லை. ரெவ்யூவுக்கு இரண்டே நாள்!

தாத்தாவுக்குப் போன் செய்து புலம்பினேன். தாமிரபரணியின் கடைசி அணை எங்கள் ஊரில்தான். அவருக்குத் தண்ணீர்க் கணக்குதான் தெரியும். "ஏலே, மேல மடைய மாத்துனியே, கடைமடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?" என்றார்.

விர்ட்டியோ கேட்கத்தான் செய்கிறது. கார்டு தன் வசதிகளை ஒவ்வொரு பிட்டாக நீட்டும். டிரைவர் தனக்குப் புரிந்ததை மட்டும் எடுத்துக்கொள்ளும். எடுக்காததைக் கார்டு பயன்படுத்தக் கூடாது. பெரிய பாக்கெட்டைப் பல பஃபர்களில் பிரித்துப் போடும் வசதி வந்தபோது 2 பைட் கூடியது. அதுவும் கடைசியில், அந்த பிட்டை ஏற்றவருக்கு மட்டும். இதனால் 10-ஆ 12-ஆ என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. ஓயாசிஸின் 1.0-ல்தான் எப்போதும் 12 என்றானது. அதற்கும் 32-ஆம் பிட்டில் சம்மதம் வேண்டும்!

என் 4 பைட்டையும் வாலுக்குத் தள்ளி ஒரு பிட் வைத்தேன். பழைய டிரைவரிலும் பிங் வந்தது.

ரெவ்யூவில் சார் கேட்டார்: "ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பழைய சர்வருக்கு மாற்றினால்?" முழித்தேன். பேசி முடித்த பிட்டை நடுவில் திரும்பப் பெற முடியாது. கியூஎமு இதற்காகவே மெஷின் வகைகளைப் பதிப்பு எண்ணோடு வைத்திருக்கிறது. பழைய வகையில் புது வசதி அணைந்தே இருக்கும். என் பிட்டையும் அங்கே அணைக்கும் வரியை நேற்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து எழுதினேன்.