மணல் மேட்டின் மறுபக்கம்

ஜெய்சல்மேரிலிருந்து மேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் இருக்கிறது சம். மாலையானால் இந்த மணல் மேடுகளில் ஒட்டகங்களின் மணியோசையை விட இன்ஜின்களின் உறுமல்தான் அதிகம். அஸ்தமனம் பார்க்க வந்தவர்களுடன் ஜீப்புகள் ஏறுகின்றன. நடுநடுவே, தடித்த டயர்கள் கொண்ட நான்கு சக்கர பைக்குகள்.

புறப்படும் முன் எங்கள் ஜீப் டிரைவர் டயர்களில் காற்றைக் குறைத்தார். அப்போதுதான் மணலில் புதையாதாம். மேட்டின் ஒருபுறம் காற்று குவித்த மென்சரிவு. மறுபுறமோ மணல் சரிந்து 30 டிகிரிக்கு மேல் செங்குத்தாக இறங்குகிறது. ஏறுபவர் கண்ணுக்கு அது தெரியாது. எதிரே ஏறிவரும் வண்டியோ, ஒட்டகமோ கூடத் தெரியாது. அதனால் உச்சியை நெருங்கியதும் அவர் வேகத்தைத் தணித்து, எட்டிப் பார்த்துவிட்டு, நேராக இறக்கினார். சரிவில் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும்.

பைக் வாடகைக்குத் தரும் இடத்தில் இந்த நிதானம் இல்லை. ஒருவருக்கான வண்டியில் அப்பா, முன்னால் மகன், பின்னால் அம்மா. ஓட்டுபவர் உடலைச் சாய்த்துச் சமாளிக்க வேண்டிய வண்டி அது, சாய இடமேது? ஹெல்மெட்டுகள் கம்பத்தில் தொங்கின. "கேட்டால் தருவோம்" என்றார் பையன். கேட்டேன். தந்ததில் தாடைவாருக்குக் கொக்கி இல்லை.

ஒட்டகக்காரரிடம் பேரம் பேசப் போனேன்.