மதிலைக் கடந்த புகை

சென்ற ஆண்டு பங்குத் திருவிழா முடிந்த மறுநாள் காலை. கொடியிறக்கிய களைப்பு இன்னும் தீரவில்லை. ஆலய வளாகத்தில் சிதறிக் கிடந்த தோரணங்கள், தெர்மாகோல் அலங்காரங்கள், அன்பு விருந்தில் பயன்பட்ட பிளாஸ்டிக் குவளைகள் எல்லாவற்றையும் பணியாளர் கூட்டியெடுத்து, வழக்கம்போல் பின்பக்கத்து மதிலோரம் குவித்துத் தீ வைத்தார். வைக்கச் சொன்னது நாமே.

அவ்வேளையில் நாம் திண்ணையில் அமர்ந்து வெதுவெதுப்பான சீரக நீரைப் பருகிக்கொண்டிருந்தோம். விருந்துணவால் உடலில் சேர்ந்த கசடுகளை அது வெளியேற்றும் என்று அன்பர் ஒருவர் சொல்லியிருந்தார். சூரணப் புட்டி ஒன்றும் தந்திருந்தார். உடலின் நச்சுகளை நீக்கும் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தது.

மதிலுக்கு அப்பால் வசிக்கும் முதிய இசுலாமியத் தாயார் வாசலுக்கு வந்தார். கோட்டக்குப்பத்தில் பல சமயத்தாரும் மதிலோடு மதிலாக வாழ்கிறோம். முறையிட்டுக்கொண்டு வரும் பழக்கம் அவருக்கு இல்லை. தயங்கித்தான் பேசினார்.

“சாமி, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க எரிக்கிற புகை முழுக்க எங்க வீட்டுக்குள்ளதான் வருது. பேரனுக்கு இழுப்பு. நேத்து ராத்திரிதான் கொஞ்சம் அடங்கிச்சு. இப்ப மறுபடியும் இழுக்குது.”

“மன்னிச்சுக்குங்கம்மா” என்றோம். வேறு சொல் வரவில்லை. நாமே வாளியை எடுத்துச் சென்று நீரூற்றித் தீயை அணைத்தோம். திரும்பி வந்தபோது சீரக நீர் ஆறிப்போயிருந்தது. அதைக் குடிக்க மனம் வரவில்லை. நமது உடலைத் தூய்மையாக்க முனைந்த அதே நாழிகையில், ஒரு குழந்தையின் மூச்சில் நஞ்சைக் கலந்துகொண்டிருந்தோம் அல்லவா?

அதன் பின்னரே இது குறித்துப் படிக்கத் தொடங்கினோம். பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரித்தால் டயாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டாகிறது. அது புகையோடு போய் மண்ணிலும் நீரிலும் படிந்து, கால்நடை, மீன் வழியாக நம் உணவுக்கே திரும்புகிறது. உடலின் கொழுப்பில் தங்கிவிட்டால், அதில் பாதி அளவு குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. இத்தகைய நஞ்சுகளைத் தடுப்பதற்கென 2001இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை உருவாயிற்று; இந்தியா 2006இல் அதை ஏற்றது. குப்பையைத் திறந்த வெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. நம் குப்பைக் குவியலில் கிடந்த பிளாஸ்டிக் குவளைகளோ 2019 சனவரி முதல் நாளிலிருந்தே தமிழகத்தில் தடை செய்யப்பட்டவை. அறியாமல் செய்தோம் என்று சொல்லித் தப்ப வழியில்லை.

உடலைத் தூய்மை செய்யும் பணியை இறைவன் ஏற்கெனவே கல்லீரலிடமும் சிறுநீரகத்திடமும் ஒப்படைத்திருக்கிறார். சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டுகின்றன. எனினும் அவற்றுக்கும் எல்லை உண்டு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை இக்கடற்கரை மறக்கவில்லை. மெத்தனாலைக் கரைத்து வெளியேற்ற முனையும் கல்லீரலே அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. கண்ணொளியைப் பறிப்பதும் உயிரைக் குடிப்பதும் அந்த அமிலமே. காவலாளியின் கையாலேயே வீடு கொள்ளை போவதற்கு ஒப்பாகும் இது.

நச்சு நீக்கும் என்று விற்கப்படுபவை எல்லாம் நம்பத்தக்கவையும் அல்ல. இணையத்தின் வழியாக விற்கப்பட்ட 193 ஆயுர்வேத மருந்துகளை ஆராய்ந்து 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்ததாகத் தெரிவித்தது. சீரக நீரையோ எண்ணெய்க் குளியலையோ தவக்கால ஒருசந்தியையோ நாம் குறை சொல்லவில்லை. அவை உடலுக்கு இதமும் மனத்திற்கு ஒழுங்கும் தருவன. ஆனால் எலும்பில் படிந்த ஈயத்தைக் கரைத்து வெளியேற்றும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை.

குருமடத்தில் நாம் பயின்ற பாடம் ஒன்று அப்போது நினைவுக்கு வந்தது. நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டியவை ஐந்து என்று சிறுவயதிலேயே மறைக்கல்வியில் மனப்பாடம் செய்திருக்கிறோம். அவற்றுள் ஒன்று பிரதிக்கினை. அதாவது, இனி இப்பாவத்தைச் செய்யேன் என்னும் உறுதி. இவ்வுறுதி மனத்துயரின் பிரிக்க முடியாத பகுதி என்று திரிதெந்து பொதுச்சங்கம் 1551இல் கற்பித்தது. பிரதிக்கினை இல்லாமல் வாரந்தோறும் மன்னிப்பு மட்டும் கேட்பவரைப் போன்றவர்தாம், நஞ்சு வரும் வழியை அடைக்காமல் நாள்தோறும் சூரணம் உண்பவர். நம் இல்லங்களுக்குத் தேவை நச்சு நீக்கம் அன்று; நச்சு விலக்கம்.

இதற்குச் சான்றாக அண்டை நாடான வங்காளதேசத்தைச் சொல்லலாம். அங்கே மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் தர ஈயக் குரோமேட்டைக் கலந்து வந்தனர். 2019இல் சோதித்த மாதிரிகளில் 47 விழுக்காட்டில் கலப்படம் தென்பட்டது. அரசு விழித்துக்கொண்டு ஆலைகளைக் கண்காணித்து, மக்களுக்கும் எடுத்துரைத்தது. 2021இல் அத்தகைய மாதிரி ஒன்றுகூட இல்லை. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் இரத்தத்திலிருந்த ஈயமும் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. எந்த மருந்தும் தரப்படவில்லை. நஞ்சு வரும் வழி அடைக்கப்பட்டது. உடல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டது.

அதுமுதல் பங்கு இல்லத்தில் சிறு சிறு மாற்றங்கள் செய்துள்ளோம். விரலி மஞ்சளாக வாங்கிக் கழுவி உலர்த்தி மாவு மில்லில் அரைத்துக்கொள்கிறோம். கடைச் சாம்பாரைச் சுடச்சுடப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதில்லை, தூக்குவாளி போகிறது. காய்கறிகளை உப்பு நீரில் ஊறவைத்து ஓடும் நீரில் அலசுகிறோம். மேற்பரப்பில் ஒட்டிய மருந்து பெருமளவு போய்விடும். கொசுவர்த்திச் சுருளை விட்டுக் கொசுவலைக்குத் திரும்பினோம். ஒரு சுருள் எரிந்து வெளியிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என 2003இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. பழைய கதவின் வண்ணத்தைச் சுரண்டும்போது நீரால் நனைத்துச் சுரண்டச் சொல்கிறோம்; வீட்டு வண்ணங்களில் ஈயத்திற்குக் கடும் வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். திருவிழாத் தோரணம் இப்போது தென்னங்குருத்தும் மாவிலையும்.

மரக்காணம் செல்லும்போதெல்லாம் உப்பளப் பாத்திகளருகே சற்று நிற்பது நம் வழக்கம். வெயில் நீரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கடலில் நாம் கலந்ததை அது எடுத்துச் செல்வதில்லை. நம் நாட்டுச் சந்தையில் விற்கும் கடலுப்பில் நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் கண்டறிந்தனர். பாத்தியில் வெறுங்காலோடு நின்று உப்பு வாருபவர் எறியாத குப்பையும், அவர் வாரும் உப்பில் வந்து சேர்கிறது. மதிலுக்கு வெளியே எறிந்துவிட்டோம் என்று நாம் நினைத்தது, சுற்றிக்கொண்டு நம் இலைக்கே வந்துவிடுகிறது. எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் வலியுறுத்தியதன் பொருளை நாம் விளங்கிக்கொண்டது, நூலகத்தில் அன்று, உப்பளக் கரையில்தான்.

இவ்வாண்டுத் திருவிழா முடிந்த மறுநாள், நாமே அத்தாயாரின் வாசலுக்குச் சென்றோம். பேரன் திண்ணையில் அமர்ந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தான்.

“இந்தத் தடவை புகை வந்துச்சாம்மா?”

“உங்க பக்கத்திலேர்ந்து வரல சாமி” என்றார். பிறகு சற்றே தயங்கி, தெருக்கோடியைக் காட்டினார். “அதோ, அந்தக் காலி மனையில யாரோ தினமும் எரிக்கிறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க.”

சொல்லும் தகுதி நமக்கு ஓராண்டுக்கு முன் இருந்ததில்லை. இன்று இருக்கிறதா என்று அறியோம். ஆயினும் அத்தாயாரோடு அந்தக் காலி மனையை நோக்கி நடந்தோம்.