வெற்றிடம் குறைந்ததும்

எங்கள் ஊரில் மூடிக்கிடந்த அச்சகம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நண்பர்கள் சிலர் பொது ஆய்வகமாக நடத்தி வருகின்றனர். கல்லூரி ஆசிரியர், பாலிடெக்னிக் மாணவர், பள்ளிப் பிள்ளைகள் என யார் வேண்டுமானாலும் வந்து சோதனை செய்து பார்க்கலாம். அதன் பொறுப்பாளர்களுள் ஒருவரான இயற்பியல் துறை நண்பர் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "பழைய எலக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்று வருகிறது, நீங்களும் கை கொடுக்க வேண்டும்" என்றார். தொல்காப்பியம் நடத்துகிறவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "கையேடு முழுக்க ஆங்கிலம். பிள்ளைகள் தாமே படித்து இயக்கும்படி தமிழில் ஒரு தாள் எழுதித் தாருங்கள்" என்றார். ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிடும் வேலை என்றெண்ணி ஒப்புக்கொண்டேன்.

ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று கழித்துவிட்ட கருவி அது. என் கல்லூரி நாட்களில் செய்யப்பட்டது. லாரியிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து இறக்கினோம். அச்சு இயந்திரம் நின்ற சிமெண்டு மேடை அப்படியே இருந்ததால் அதன்மேலேயே நிறுத்தினோம். அதிர்வு தாங்கும் இடம் அதுவே என்று நண்பர் சொன்னார். எழுத்துகள் நின்ற இடத்தில் எலக்ட்ரான்கள் நிற்கப் போகின்றன என்று நான் சொன்னதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை.

இக்கருவியின் கதை சுவையானது. 1931இல் பெர்லினில் எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் காந்தச் சுருள்களையே வில்லைகளாகக் கொண்டு எலக்ட்ரான் கற்றையைக் குவித்துக் காட்டினர். ருஸ்காவுக்கு நோபல் பரிசு வந்தது 1986இல். ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. எங்களுக்கு வந்தது வேறு வகை. எலக்ட்ரான் கற்றை பொருளின் மேற்பரப்பில் வரி வரியாக ஓட, அங்கிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களைக் கொண்டு திரையில் படம் உருவாகும். கேம்பிரிட்ஜில் சார்லஸ் ஓட்லியின் மாணவர்கள் பல ஆண்டுகள் உழைத்து மேம்படுத்திய இவ்வகைக் கருவி 1965இல்தான் விற்பனைக்கு வந்தது. 2011இல் அமெரிக்காவில் பென் கிராஸ்னோ என்பவர் தம் பணிமனையிலேயே இப்படியொன்றைக் கட்டி இயக்கியிருக்கிறார் என்று நண்பர் அடிக்கடி சொல்லி எங்களுக்கு ஊக்கமூட்டினார்.

எங்களுக்கு வாய்த்தவர் அண்ணாச்சி. ஆலை ஒன்றில் பம்புகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். நுண்ணோக்கியை அதற்குமுன் கண்டதில்லை. "இதும் பம்புதானவே, மேல ஏதோ குழாய வச்சிருக்கான்" என்று சொல்லி வேலையைத் தொடங்கினார். உப்பும் கரியும் இட்டு நில இணைப்புக் குழி தோண்டினார். ரப்பர் வளையங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, விரிசல் கண்டவற்றை மாற்றினார். வெறுங்கையால் உள்ளே எதையும் தொட விடமாட்டார். விரல் ரேகையின் எண்ணெய்ப்பசை கூட வெற்றிடத்தில் ஆவியாகிக்கொண்டே இருக்குமாம். எண்ணெயைக் கொதிக்கவைத்து அதன் ஆவியால் காற்றை இழுக்கும் இரண்டாம் பம்புக்குக் குளிர்ந்த நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நீரைக் குளிரவைக்கும் எந்திரம் வரவில்லை. ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டிகளைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து பீப்பாயில் போட்டோம். இப்படியே நான்கு மாதங்கள் ஓடின.

நான் அருகில் அமர்ந்து அவர் செய்வதையும் சொல்வதையும் குறித்துக்கொண்டேன். கருவியின் உச்சியில் கொண்டை ஊசிபோல் வளைந்த டங்ஸ்டன் இழை உள்ளது. அதனை 2,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் எலக்ட்ரான்கள் புறப்படும். ஆனால் உள்ளே காற்று இருக்கக்கூடாது. அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏழரைக் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவுக்கு இறங்கவேண்டும். காற்றிருக்கும்போது இழையை ஏற்றினால் நொடியில் எரிந்து அறும். அண்ணாச்சி அளவுமானியைக் காட்டி, "வாக்குவம் இப்படி இறங்குனப்புறம்தான் போடணும்" என்பார். நானும் அதனை நல்ல தமிழாக்கி, தாளின் ஏழாம் வரியாக எழுதினேன்: 'வெற்றிடம் போதிய அளவு குறைந்ததும் இழையை ஒளிரச் செய்க.'

கருவியுடன் வந்த இழைகள் நான்கு. ஒன்று பொருத்தும்போதே முறிந்தது. இரண்டாவதை வைத்து, கரடுமுரடான ஒரு நாணயத்தின் விளிம்பைத் திரையில் கண்டோம். அன்று அனைவருக்கும் பால்கோவா. தாளை எழுத்துப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த சனிக்கிழமை, பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி தாளைப் படித்துத் தானே இயக்கினாள். நாங்கள் தேநீர் குடித்துத் திரும்பியபோது திரை இருண்டிருந்தது. கருவியைத் திறந்து பார்த்தார் அண்ணாச்சி. இழை அறுந்து, சுற்றிலும் மஞ்சளாகப் படிந்திருந்தது. காற்றிருந்தால் இழைக்கு மின்சாரம் செல்லாமல் தடுக்கும் காப்பமைப்பை முன்பே யாரோ துண்டித்து நேர்க்கம்பி கொடுத்திருந்தனர். அது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

படிக்காமல் செய்துவிட்டாள் என்று ஒருவர் முணுமுணுத்தார். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இரவில் தாளை மீண்டும் படித்தபோதுதான் விளங்கியது. வெற்றிடம் குறைந்தது என்றால் இன்மை குறைந்தது, அதாவது காற்று மிகுந்தது என்றே பொருள். குறையவேண்டியது அழுத்தம், அது குறையக் குறைய வெற்றிடம் மிகும். அண்ணாச்சி இறங்கியது என்று சொன்னபோது அவர் விரல் முள்ளின்மேல் இருந்தது. அந்த விரல் பொருளைக் காத்தது. நான் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு விரலை விட்டுவிட்டேன். அந்தப் பெண் பம்பு ஓடத் தொடங்கிய உடனே அளவுமானியைப் பார்த்திருக்கிறாள். வெற்றிடம் குறைவாகத்தான் இருந்தது. தாள் சொன்னபடி இழையை ஏற்றினாள். இருபது ஆண்டுகளாக மாணவர் தாள்களில் 'பொருள் மயக்கம்' என்று சிவப்பு மையில் எழுதி மதிப்பெண் குறைத்து வந்தவன் நான்.

மறுநாள் அவள் வீட்டுக்குச் சென்றேன். "பிள்ள நேத்துலேருந்து சாப்பிடவே மாட்டேங்கா ஐயா" என்றார் தாயார். அவள் கதவோரம் நின்று, "நீங்க எழுதினபடிதான் செஞ்சேன் ஐயா" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. "நீ சரியாகத்தான் படித்தாய் அம்மா. நான்தான் பிழையாக எழுதினேன்" என்றேன். ஏழாம் வரியை நீயே எழுதித் தா என்று தாளை நீட்டினேன். சற்று யோசித்துப் பென்சிலால் எழுதினாள்: 'முள் பச்சைக் கோட்டைத் தாண்டும்வரை இழைப் பொத்தானைத் தொடக்கூடாது.' பச்சைக் கோடு எங்கே இருக்கிறது என்றேன். "இனிமேதான் ஒட்டணும்" என்றாள்.

இப்போது அளவுமானியில் பச்சை நாடா ஒட்டியிருக்கிறது. அண்ணாச்சி காப்பமைப்பையும் சரிசெய்துவிட்டார். தாளின் மற்ற வரிகளையும் இயக்குகிற பிள்ளைகளை உரக்கப் படிக்கச் சொல்லி, அவர்கள் தயங்கிய இடங்களையெல்லாம் திருத்தினேன். 'ஒளிரச் செய்க' போன்ற அழகுகள் போயின. வரிகள் நீண்டன. எனக்கு வருத்தமில்லை.

கடைசி இழையுடன் நான் பார்க்க விரும்பியது ஒன்றுண்டு. பனையோலை நறுக்கொன்றில் எழுத்தாணியால் 'க்' என்று கீறி, வேறொரு கல்லூரியில் அதன்மேல் மெல்லிய பொன்பூச்சு இட்டுக் கொண்டுவந்தேன். மின்னேற்றம் ஓலையில் தேங்காமல் ஓடிவிட அது வேண்டும். ஓலை பொத்துவிடும் என்று பழைய ஏடெழுதுவோர் பெரும்பாலும் புள்ளி வைக்காமல் விடுவார்கள் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். சாலையில் பேருந்து போனால் படம் நடுங்கும். ஆகவே கடைசிப் பேருந்து போனபிறகு அந்த மாணவியே இயக்கினாள். இருபது மடங்கில் எழுத்துத் தெரிந்தது. முந்நூறு மடங்கில் எழுத்து மறைந்து, நார்கள் கிழிந்த ஒரு பள்ளம் மட்டும் இருந்தது. புள்ளியிட்ட இடத்தில் நார்கள் சுற்றிலும் பிளந்து, ஓலை ஏறக்குறையப் பொத்திருந்தது. படியெடுக்கும்போது புள்ளியை விட்டவர்களை நான் சற்றே அலட்சியமாகப் பேசியதுண்டு.

இழைகள் வாங்கப் பணம் சேர்த்து வருகிறோம். ஒன்றின் விலை சில ஆயிரம். முதல் தொகை என்னுடையது; அறுந்த இழைக்கு உரிய கடன் அது.