அம்மாச்சியின் புள்ளிகள்

கணிப்பொறி படிக்கும் மாணவிக்கும் வாசலில் கோலமிடும் மூதாட்டிக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. சென்ற மார்கழியில்தான் நான் அதை உணர்ந்தேன்.

எங்கள் ஊர் வ. புதுப்பட்டி. ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில், மார்கழி பிறந்தால் விடியுமுன்பே வாசல்கள் விழித்துக்கொள்ளும். எங்கள் தெருவில் முதற்கோலம் என் அம்மாச்சியுடையதாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டுவலி முற்றிவிட, இனிக் குனியக்கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். அவருடைய கோல நோட்டும் மழையில் நனைந்து கூழாகிவிட்டது. இனி அந்தக் கோலங்கள் அவர் நினைவில் மட்டுமே இருந்தன. அவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கொரு தவிப்பு.

அண்ணனுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தது. அதில் ஜாவா மொழியில் சிறியதொரு வரைநிரல் எழுதினேன். மவுஸை அழுத்தி இழுத்தால் கோடு விழும், அவ்வளவே.

முதல் நாளே தோல்வி. ஏழு புள்ளி ஏழு வரிசையில் பாதிக் கோலம் முடிந்தபோது சாளரத்தைச் சுருக்கி மீண்டும் விரித்தேன். கோலத்தைக் காணோம்! திரை என்பது கண்ணாடி போன்றது. எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. எனவே கண்ணுக்குத் தெரியாத படமொன்றை நினைவகத்தில் உருவாக்கி, அதில் வரைந்து, திரை கேட்கும்போதெல்லாம் எடுத்துக் காட்டும்படி மாற்றினேன்.

மறுநாள் அம்மாச்சி ஒரு கம்பியைத் தவறாக இழுத்துவிட்டார். நான் அழிப்பானை ஓட்டினேன். அது பின்னணி நிறத்தைப் பூசுவது. கம்பியோடு புள்ளியும் மறைந்தது.

“புள்ளியையும் சேத்து அழிச்சிப்புட்டியே தாயி! புள்ளி போனா எதைச் சுத்திக் கம்பி இழுக்க?”

அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. புள்ளிக்கு ஒரு படம், கம்பிக்கு ஒரு படம், கலர்ப்பொடிக்கு ஒரு படம் என மூன்றாகப் பிரித்தேன். அடியில் கலர், அதன்மேல் புள்ளி, எல்லாவற்றுக்கும் மேலே கம்பி. அழிப்பான் கம்பிப் படத்தை மட்டுமே தொடும். அங்கும் நிறம் பூசினால் கீழே உள்ள புள்ளி மறையும். ஆகவே அந்த இடத்தை ஒளிபுகுமாறு ஆக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு இரவுகள் ஆயின.

600க்கு 600 புள்ளியளவுள்ள ஒரு படத்துக்கு 14,40,000 பைட்டுகள் வேண்டும். மூன்றுக்கும் சுமார் 43 லட்சம். 1984-இல் வந்த முதல் மெக்கின்டோஷின் மொத்த நினைவகமே 128 கிலோபைட்டுதான். அதற்குள் பில் அட்கின்சன் தம் மேக்பெயின்ட் நிரலில் இரண்டு மறைபடங்களை வைத்திருந்தார். ஒன்று இப்போதைய ஓவியம். மற்றொன்று அதற்கு முந்தைய நிலை. தவறினால் திரும்பிச் செல்ல வழி அதுவே. அதற்கும் முன்பு, 1974-இல், கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் அமைப்பைக் கணிப்பொறி இலக்கணமாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். இவற்றை அறிந்தபோது என் பெருமை சற்றே அடங்கியது.

மாத முடிவுக்குள் நடுங்கும் கையால் மவுஸைப் பிடித்து அம்மாச்சி பதினொரு கோலங்கள் வரைந்து தந்தார். எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா எறும்பு எதைத் திங்கும்?”

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் விடியலில் பச்சரிசி மாவுடன் வாசலில் நான் குனிந்தேன். அம்மாச்சி திண்ணையில் அமர்ந்திருந்தார். மூன்றாவது வரிசையில் கம்பி தவறியது, துடைத்தேன். தரையில் ஏது அடுக்கு? புள்ளியும் போயிற்று.

“போனா போகுது, மறுபடி வையி” என்றார். வைத்தேன்.