குழியில்லாத தறி

நெசவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் துணியில் தொடங்குவார்கள். நெசவாளர் வீடுகளில் பேச்சு கால்களில் தொடங்கும். சென்னிமலைப் பக்கம் எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து, தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மாற்றி மாற்றி அழுத்த வேண்டும். குழியின் ஈரம் பருத்தி இழை அறாமல் காக்கும். இழைக்கு நல்லது செய்த அதே ஈரம் முழங்காலுக்கு நல்லது செய்ததில்லை. ஐம்பது வயதைத் தொட்டவர்கள் குழியிலிருந்து எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வதை எங்கள் தெருவில் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். அவ்வளவு இயல்பான காட்சி அது. தன் பிள்ளைகள் குழியில் இறங்கக் கூடாது என்பது அப்பாவின் வைராக்கியம். அவர் நெய்த பருத்திப் போர்வைகளின் கூலியில்தான் நான் படித்தேன்.

படித்து, வேலை கிடைத்து, இங்கிலாந்தின் தென்பகுதியில் குடியேறிச் சில ஆண்டுகள் கழித்து நான் செய்த காரியம், பழைய கைத்தறி ஒன்றை விலை கொடுத்து வாங்கியது. அதில் கம்பளி மஃப்ளர்களும் போர்வைகளும் நெய்துகொண்டிருக்கிறேன். தறியை விட்டு ஓடிவந்த குடும்பத்தின் வாரிசு தறிக்கே திரும்பிவிட்டது என்று நண்பர்கள் இதை நெகிழ்ச்சியோடு சொல்வதுண்டு. அந்த நெகிழ்ச்சியை என்னால் முழுதாக ஏற்க முடிந்ததில்லை. ஏன் என்பதைச் சொல்லிப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் தறி. இது தரைமேல் நிற்கும் மரச்சட்டத் தறி. நெய்கிறவர் பலகையில் நிமிர்ந்து உட்காரலாம், குழி கிடையாது. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் எங்கள் வீட்டுச் சொற்களே பொருந்தின. நீளவாட்டில் ஓடுவது பாவு. குறுக்கே போவது ஊடை. பாவிழைகளை ஏற்றி இறக்குவது விழுது. சீப்பைப் போல அவற்றைப் பிரித்து வைத்து, ஊடையை அடித்துச் சேர்ப்பது அச்சு. ஊடை நூல் சுற்றிய தாரைச் சுமந்து போவது நாடா. ஆங்கிலக் கையேடுகளில் இவற்றின் பெயர்களை நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை. படத்தைப் பார்த்தவுடன் தமிழ்ப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் கம்பளி இழையின் குணம் வேறு. பருத்தி நூலுக்குக் கஞ்சி போட வேண்டும். எங்கள் பகுதியில் ஊருக்கு ஊர் பாவடி என்ற திறந்த வெளி உண்டு. விடியற்காலையில் பாவை அங்கே நீட்டிக் கட்டிக் கஞ்சி தேய்ப்பார்கள். நான் வாங்கும் முறுக்கேறிய இரட்டைக் கம்பளி நூலுக்கு அது தேவைப்படுவதில்லை. அந்த நூல் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். தறியில் ஒரு மீட்டர் என்று அளந்த துணி, இழுவிசை தளர்ந்தவுடன் கையிலேயே குறைந்துவிடும். ஆகவே கம்பளி நெய்பவர் கண்ணால் அளந்தால் போதாது. தறியிலிருந்து இறங்கிய பின் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

நான் நெய்யும் மஃப்ளருக்கு அங்குலத்துக்கு 12 இழை. 12 அங்குல அகலத்துக்கு 144 இழைகள். ஒவ்வொன்றையும் அதற்குரிய விழுதின் கண்ணில் கோத்து, பிறகு அச்சின் பல்லிடுக்கில் இழுக்க வேண்டும். இரண்டு மாலைப் பொழுதுகள் இதற்கே போய்விடும். நான்கு விழுதுகளையும் இரண்டிரண்டாக வரிசை மாற்றி உயர்த்தினால் துணியில் சாய்வான கோடுகள் எழும். ட்வில் என்று சொல்லப்படும் சாய்வரி நெசவு இதுதான். ஊடை இரண்டு பாவிழைகளின் மேலும் இரண்டின் கீழும் போவதால் துணி குழைந்து விழுகிறது. கழுத்தில் சுற்ற அதுவே ஏற்றது.

போர்வைக்கு நூல் தடிமன். அங்குலத்துக்கு 8 இழை போதும். என் தறியின் அகலம் ஒரு மீட்டர்தான் என்பதால் இரண்டு பாகங்களாக நெய்து நடுவில் தைக்கிறேன். அகலத் தறிகள் வருவதற்கு முன் பல நாடுகளில் போர்வைகள் இப்படித்தான் நடுவில் தையலோடு இருந்தன.

கம்பளி நெசவில் கைக்குப் பிடிபட நாளாவது அடிதான். சென்னிமலைப் போர்வையில் அச்சை இழுத்து ஓங்கி அடிப்பார்கள், நெருக்கமே தரம். கம்பளியில் ஊடையை அடிக்கக் கூடாது. அச்சால் அதன் இடத்துக்குத் தள்ளி நிறுத்த வேண்டும். இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிய வேண்டும். தறியிலேயே இறுக்கமாக நெய்த கம்பளித் துணி துவைத்த பின் பலகை போல விறைத்து நிற்கும். தறியில் பார்ப்பதற்கு வலை போலத் தொய்ந்திருப்பதுதான் பின்பு நல்ல போர்வையாகும்.

ஏனென்றால் கம்பளித் துணி தறியில் முழுமை அடைவதில்லை, தண்ணீரில் அடைகிறது. ஆட்டு மயிரின் மேற்பரப்பு முழுக்க மீன் செதில் போன்ற நுண்ணிய அடுக்குகள். வெந்நீரும் சோப்பும் பட்டு மயிர்கள் ஒன்றோடொன்று உராயும்போது அந்தச் செதில்கள் பின்னிக்கொள்கின்றன, திரும்பிப் பிரிவதில்லை. இழைகளுக்கு நடுவே விட்ட வெளி நிரம்பி, துணி சுருங்கித் தடிக்கிறது. 12 அங்குல மஃப்ளர் பத்தரை அங்குலமாகிறது. எல்லா ஆடுகளின் மயிரும் இப்படி இணங்கிவிடாது. நான் வாழும் பகுதியின் குன்றுகளைப் பெயரில் தாங்கிய சவுத்டவுன் ஆட்டின் மயிர் எளிதில் பின்னிக்கொள்ளாது. ஷெட்லாந்து ஆட்டின் மயிர் எளிதில் பின்னிக்கொள்ளும்.

இந்தத் துவைப்பு ஒரு காலத்தில் தனித் தொழில். ஈரத்துணியைத் தொட்டியில் போட்டு மணிக்கணக்காக மிதிப்பார்கள். ஆங்கிலேயர்களிடையே இன்றும் பரவலாக உள்ள வாக்கர், ஃபுல்லர், டக்கர் ஆகிய குடும்பப் பெயர்கள் மூன்றும் இத்தொழிலைச் செய்தவர்களைக் குறித்தவை. நீர்ச்சக்கரம் சுழற்றிய மரச் சம்மட்டிகளால் துணியை இடிக்கும் ஆலைகள் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்துக்கு வந்துவிட்டன. துணித் தொழிலில் இயந்திரம் முதலில் கைவைத்தது நெசவில் அல்ல, இந்த மிதிப்பில்தான். ஆனால் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டிலும் பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றி உட்கார்ந்து, கேலிக் மொழியில் பாடியபடி, தாளத்துக்கு ஏற்ப ஈரத்துணியை அடித்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஒரு குளிர்காலத்தில் எங்களோடு வந்து தங்கியிருந்தார். தறியில் இருந்த போர்வையைப் பார்த்ததும் முதலில் விரலை நுழைத்துப் பார்த்தார். “நெருக்கம் பத்தாது கண்ணு, இதை எங்கூர்ல கொடுத்தா மொதலாளி திருப்பி அனுப்பிருவான்” என்றார். மறுநாள் குளியல் தொட்டியில் வெந்நீர் நிரப்பிப் போர்வையைப் போட்டு நான் மிதித்துக்கொண்டிருந்தபோது கதவோரம் வந்து நின்றார். “இங்கேயும் காலுக்குத்தான் வேலையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். போர்வை உலர்ந்த பிறகு வெகுநேரம் மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. “இதுக்கு என்ன கூலி?” என்று மட்டும் கேட்டார்.

கூலி இல்லை என்ற பதிலை அவருக்கு விளக்குவது கடினமாக இருந்தது. அந்த நாட்களில் எதெல் மெய்ரெட்டைப் பற்றி நான் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத டிச்லிங் என்ற கிராமத்தில் அவருடைய நெசவுக்கூடம் இருந்தது. அவ்வூர் அருங்காட்சியகத்தில் அவருடைய துணிகள் இன்றும் இருக்கின்றன. இங்கிலாந்தில் கைநெசவை மறுபடி உயிர்ப்பித்தவர்களில் முதன்மையானவர் என்று அவரைச் சொல்கிறார்கள். நம் வாசகர்களுக்கு அவரை வேறொரு வழியில் அறிமுகப்படுத்தலாம். 1902-இல் அவர் மணந்துகொண்டது ஆனந்த குமாரசுவாமியை. 1903 முதல் சில ஆண்டுகள் இருவரும் இலங்கையில் ஊர் ஊராகச் சென்று கைவினைஞர்களைக் கண்டார்கள். 1908-இல் வெளிவந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ நூலுக்கு எதெல் எடுத்த புகைப்படங்கள் துணைநின்றன. இங்கிலாந்து திரும்பிய பிறகே அவர் நெசவில் முழுமையாக இறங்கினார். பின்னர் அந்த மணவாழ்வு முறிந்தது. 1913-இல் ஃபிலிப் மெய்ரெட்டை மணந்தார். 1916-இல் தாவரச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளியாயிற்று.

குமாரசுவாமியைப் படித்தவர்களுக்கு, கைவினைஞன் தன் வேலையில் காணும் நிறைவைப் பற்றி அவர் எவ்வளவு உயர்வாக எழுதினார் என்பது தெரிந்திருக்கும். அந்த எழுத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் முழங்காலைப் பற்றிய கவலை அதில் எனக்குத் தென்பட்டதில்லை. மெய்ரெட் அந்த வகையில் இன்னும் கீழே இறங்கி வந்தவர் என்று நினைக்கிறேன். அவர் கூடம் நடத்தினார். உள்ளூர்ப் பெண்களுக்குக் கூலி கொடுத்தார். துணியை விற்றாக வேண்டியிருந்தது. பிற்காலத்தில், கைத்தறி ஆலையோடு போட்டியிடுவதை விட, ஆலைகளுக்குப் புதிய இழைகளையும் நெசவுகளையும் சோதித்துத் தரும் இடமாக இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1939-இல் வந்த அவருடைய நூல் இந்தத் திசையில் பேசுகிறது. எதையும் பழைய பொற்காலம் என்று அவர் தொழவில்லை.

நம் நாட்டில் இதே கேள்விக்குச் சட்டத்தின் வழியே ஒரு விடை தேடினார்கள். 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி சில துணிவகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்யலாம். தொடக்கத்தில் 22 இனங்கள் இருந்த பட்டியல் பின்னர் 11 இனங்களாகச் சுருங்கியது. அதில் படுக்கை விரிப்பு இருக்கிறது, ஜமுக்காளம் இருக்கிறது. கம்பளிப் போர்வையும் மஃப்ளரும்கூட இருக்கின்றன. அப்பா நெய்ததும் நான் நெய்வதும் ஒரே பட்டியலில் நிற்பதை அங்கேதான் கண்டேன். பட்டியலில் பெயர் இருப்பதும் தெருவில் விசைத்தறியின் சத்தம் கேட்பதும் ஒரே காலத்தில் நடக்கக்கூடியவை என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நண்பர்களின் நெகிழ்ச்சியை நான் ஏன் ஏற்கவில்லை என்பது இப்போது தெளிவாகிறது. நானும் அப்பாவும் ஒரே வேலையைச் செய்யவில்லை. அசைவுகள் ஒன்று, உறுப்புகளின் பெயர்கள் ஒன்று. ஆனால் முதுகு வலித்தால் நான் எழுந்து போய்விடலாம். ஒரு மாதம் தறிப்பக்கமே போகாமல் இருந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும். கம்பளி கேட்கும் நிதானம் எனக்கு எளிதாகக் கைவந்ததற்குக் காரணம் திறமை மட்டும் அல்ல. துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்த நிதானம் கட்டுப்படியாகாது. எழுந்து போகும் உரிமை உள்ளவருக்குத் தறி அழகானது. அந்த உரிமையை எனக்கு வாங்கித் தந்தது, அது இல்லாமல் குழியில் உட்கார்ந்திருந்த ஒருவருடைய கால்கள்.

சென்ற ஆண்டு அலுவலகத் தோழி ஒருத்தி தன் தாய்க்கு ஒரு போர்வை கேட்டாள். அன்பளிப்பாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்து, அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “சும்மா குடுக்காதே கண்ணு. உனக்குச் சம்பளம் வருது, நீ சும்மா குடுத்துருவே. அதுலயே பொழைக்கறவன் வெலை சொன்னா அப்புறம் எவன் வாங்குவான்?” என்றார். இந்நாட்டிலும் கைநெசவையே நம்பி வாழ்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். பொழுதுபோக்காக நெய்பவர்கள் நூல் விலைக்கே துணியைக் கொடுத்துவிடுவதால் தங்கள் விலை அநியாயமாகத் தெரிகிறது என்று அவர்கள் குறைப்படுவதை நானே கேட்டிருக்கிறேன்.

அன்றிரவு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். பாவு ஓட்ட மூன்று மணி நேரம். இரண்டு பாகங்களுக்கும் சேர்த்து ஒரே பாவு. 304 இழைகளைக் கோக்க ஏழு மணி. நெய்யப் பதினான்கு. தைக்க, மிதிக்க, உலர்த்திக் குஞ்சம் முறுக்க நான்கு. மொத்தம் 28 மணி நேரம். இந்நாட்டின் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கி நூல் விலையைக் கூட்டியபோது வந்த தொகை, கடைகளில் விற்கும் ஆலைப் போர்வையின் விலையைப் போலப் பல மடங்கு. அந்தத் தொகையைக் கூச்சத்தோடுதான் தோழியிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் யோசித்து, போர்வை வேண்டாம், ஒரு மஃப்ளர் போதும் என்றாள். மஃப்ளருக்கும் அதே கணக்கில் விலை சொன்னேன், வாங்கிக்கொண்டாள். அப்பாவிடம் தெரிவித்தபோது, எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு, தன் காலத்துக் கூலியை மெல்லச் சொல்லத் தொடங்கினார்.