விசிறி இல்லாத கணினி

பெரியம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, அம்மா எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்து மறுபடியும் ஒப்பாரி வைத்தாள். அவளிடம் கேட்டுவிட்டு என் பழைய மடிக்கணினியில் பதிவுசெய்தேன். இரவு போட்டுக் கேட்டால், அம்மாவின் குரலுக்கு அடியில் கணினி விசிறியின் இரைச்சல். அதை நீக்கும் மென்பொருளில் போட்டேன். இரைச்சல் போனது. கூடவே, வரி முடிவில் அவள் இழுத்து, மூக்கை உறிஞ்சி, மூச்சு வாங்கும் இடமும் போனது. முனைவர் பட்டத்துக்கு ஒப்பாரிகளை அச்சில் படித்தவள் நான். அந்தப் பக்கங்களிலும் மூச்சு இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அகவிலைப்படி நிலுவை வந்ததும் கடைக்குப் போனோம். "சார், என்ன வேலைக்கு எடுக்கிறீங்க?" கேள்வி என் கணவருக்கு. "அவங்களுக்குத்தான்" என்றார் இவர். "மேடத்துக்கா? டைப்பிங்னா இதே போதும்." பாட்டுப் பதிவு என்றதும் ஒரே தாவலில் கிராஃபிக்ஸ் கார்டு போட்ட, மூன்று விசிறி சுழலும் பெட்டியைக் காட்டினார் கடைக்காரர். குரலைப் பதிய கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு? ஒரு குரல், ஒரு மைக். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் பதிந்தாலும் ஏறக்குறைய 520 எம்பிதான். "இது எவ்வளவு சத்தம் போடும்?" என்று கேட்டேன். வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எம்1 சில்லுடன் வந்த மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. 16 ஜிபி ரேமோடு செகண்ட்ஹேண்டில் ஒன்று வாங்கினேன். கடும் வேலையை நெடுநேரம் கொடுத்தால் சூடேறி வேகம் குறையும். அம்மா பாடுவதற்கு அது பொருட்டில்லை. ஒரு கண்டென்சர் மைக், அதற்கு 48 வோல்ட் கொடுக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ், நகலெடுத்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க். "அந்தக் காசுக்குப் பவுன் எடுத்திருக்கலாம்" என்றார் அத்தை. எடுத்திருக்கலாம்தான்.

கணினி அமைதியானதும் வீடு கேட்க ஆரம்பித்தது. ஃப்ரிட்ஜ், மிக்ஸி, டிவி, "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" இதற்கு எந்தக் கடையிலும் கருவி இல்லை. இரவு 11 மணிக்கு மேல் சீலிங் ஃபேனை நிறுத்தி, சார்ஜரைப் பிடுங்கி, சேலைகள் தொங்கும் பீரோவைத் திறந்துவைத்தேன். துணி எதிரொலியை வாங்கிக்கொள்ளும்.

அம்மா மைக்கையும் என்னையும் பார்த்தாள். "சாவில்லாம என்னத்தடி ஒப்பாரி வைக்க? வீட்டுக்கு ஆகாது."

நான் வற்புறுத்தவில்லை. வேர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மா செத்தப்ப நான் சரியா அழவே இல்ல. நீ கைக்குழந்தை" என்று தொண்டையைச் செருமினாள்.