அட்டை எஞ்சின்

பட்டதாரி என்ற ஒரே குற்றத்திற்காக, கணக்கு வகுப்போடு சித்திர வகுப்பையும் நம் தலையில் கட்டிவிட்டார்கள். சித்திர உபாத்தியாயர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் காலியாகவே கிடந்தது. நமக்கோ நேர்கோடும் வட்டமும்தான் வரும். மயில் வரைந்தாலும் அது வட்டத்தில்தான் போய் முடியும். ஆகையால் பிள்ளைகளை வரையச் சொல்வதைவிட, எதையாவது வெட்டி ஒட்டச் சொல்வதே க்ஷேமம் என்று தீர்மானித்தோம்.

'ஸ்டீம்பங்க்' என்று ஒரு கலைப் பாணி இருக்கிறது. 1987-ல் கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க நாவலாசிரியர் பாதி வேடிக்கையாக இட்ட பெயர் அது. நீராவி யுகம் முடியாமலே நீடித்திருந்தால் உலகத்து யந்திரங்கள் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து, பல்சக்கரம், குழாய், புகைபோக்கி எல்லாம் வைத்துச் சிற்பம் செய்கிறார்கள். அவர்களுக்குப் பித்தளை, நமக்கு அட்டை. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே இருக்கும் நமது ஐயம்பேட்டையில் பட்டுப் புடவைப் பெட்டிகளுக்குப் பஞ்சமே கிடையாது.

எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் பெட்டி கொண்டு வரவில்லை. நூலால் கோத்த நீண்ட அட்டை மாலை ஒன்றைச் சுருட்டித் தோளில் போட்டு வந்தான். ஒவ்வோர் அட்டையிலும் வரிசை வரிசையாக ஓட்டைகள். "பரண்லே கிடந்தது, ஸார்!" என்றான். கெட்டியான அட்டை, ஓட்டைகளைப் பார்த்தால் ஆணியடித்த இரும்புத் தகடு போலவே இருந்தது. நமக்கு ஒரே குதூகலம். கத்தரிக்கோல் நம் கையில்தான் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். 31 அட்டைகள் சக்கரமாயின.

மறுநாள் காலை பையனுடைய தகப்பனார் வந்தார். கோபித்துக் கொண்டிருந்தால் சமாளித்திருப்போம். அவர் மேஜைமேல் இருந்த சக்கரத்தை எடுத்து, ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது பழசுதான், ஸார். ஆனா செத்துப் போனது இல்லே. ஆவணி முகூர்த்தத்துக்கு இந்த மயில் கரைதான் கேட்டிருக்காங்க."

இப்போது கம்ப்யூட்டரால் இயங்கும் ஜக்கார்டு வந்து, பல வீடுகளில் அட்டைகள் பரணுக்குப் போய்விட்டன. இவர் வீட்டில் இன்னும் அட்டைதான். மயில்தான் அந்த மாதத்துச் சோறு.

அன்று மாலை அவர் வீட்டுக்குப் போனோம். குழித்தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி. அவர் மிதியை அழுத்திக் காட்டினார். ஓர் அட்டை திரும்பி வந்து ஊசிகள்மேல் அமர்கிறது. ஓட்டை உள்ள இடத்தில் ஊசி நுழைந்துவிடுகிறது. அதற்குரிய கொக்கி பாவிழையைத் தூக்குகிறது. ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படுகிறது; இழை கீழேயே நிற்கிறது. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. 31 அட்டை போனால் 31 ஊடை போயிற்று. மயிலுக்குக் கழுத்து இல்லை!

லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-ல் இந்தத் தறியைக் கொண்டு வந்தார். பின்னால் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ், நீராவியால் கணக்குப் போடும் யந்திரம் ஒன்றைத் திட்டமிட்டபோது, அதற்குக் கட்டளையிட இதே ஓட்டை அட்டைகளைத்தான் எடுத்துக்கொண்டார். 1839-ல் சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப் படம் ஒன்று அவரிடம் இருந்தது. அவருடைய யந்திரம் முற்றுப்பெறவே இல்லை. ஸ்டீம்பங்க் கதைக்காரர்களுக்கு அது பெரிய பொக்கிஷமாயிற்று. இதையெல்லாம் நாம் புத்தகத்தில் படித்தவர்தாம். படித்து என்ன? கத்தரிக்கோலை எடுத்தபோது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

நல்லவேளையாக மயிலின் கட்டத்தாள் வீட்டில் பத்திரமாக இருந்தது. புது அட்டை வாங்கிக் கொடுத்தோம். ஓட்டை போடும் கருவியைத் தகப்பனார் தெரிந்தவரிடம் இரவல் வாங்கி வந்தார். மூன்று சித்திர வகுப்புகள் இதிலேயே கழிந்தன. ஒருவன் கட்டத்தைப் படிக்க, ஒருவன் எண்ண, ஒருவன் துளையிட்டான். கணக்கு வகுப்பில் ஆயத் தொலைவு என்றால் கொட்டாவி விடும் பிள்ளைகள், ஒரு கட்டம் தவறினால் சண்டைக்கு வந்தார்கள்.

பத்து அட்டை முடிந்ததும், நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி தயங்கித் தயங்கி எழுந்தாள். "ஸார், தாளை வலப் பக்கத்திலிருந்து படிக்கிறீங்க. மயில் உடம்பு இந்தப் பக்கமும் கழுத்து அந்தப் பக்கமும் போயிடும்." பத்தும் வீண். மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை தாளைப் பிடித்தவள் அவள். நமக்கு அட்டையை எடுத்துக் கொடுக்கும் உத்தியோகம்.

புது அட்டைகளைக் கோத்துத் தறியில் ஏற்றிய அன்று, தகப்பனார் நாடாவைத் தள்ளத் தள்ள நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கால் வந்தது, உடல் வந்தது. கழுத்து தொடங்குமிடத்தில் அவர் தறியை நிறுத்தினார், குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் மறுபடி மிதித்தார். அலகு வரையில் வந்துவிட்டது.

புடவைப் பெட்டிகளால் செய்த எஞ்சின் இப்போது வகுப்பு அலமாரியின்மேல் நிற்கிறது. புகைபோக்கி கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வெட்டிய சக்கரங்களையும் அதிலேயே மாட்டிவிட்டோம். போன வாரம் அந்தப் பையன் பெஞ்சின்மேல் ஏறி நின்று, முன் சக்கரத்து ஓட்டைகளை வெகு நேரம் எண்ணிக் கொண்டிருந்தான்.

"என்னடா?" என்றோம்.

"மயிலோட கண்ணு இந்தச் சக்கரத்திலேதான் இருக்கு, ஸார்" என்றான்.